நனைந்த பாயை ஒளிக்க வேண்டாம்

திருவதிகை என்றவுடன் இப்பகுதி மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு வயிற்றுவலியின் கதை. பின்னாளில் அப்பர் என்று போற்றப்பட்ட மருள்நீக்கியார் கொடிய சூலை நோயால் துடித்தார். தாம் இருந்த மடத்தில் செய்யப்பட்ட சிகிச்சை எதுவும் பலிக்கவில்லை. இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து தம் தமக்கை திலகவதியாரின் அடிகளில் விழுந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அந்தச் சூலை எந்த உறுப்பின் நோய் என்று ஆராய்வது எங்கள் வேலையன்று. ஆயினும் அக்கதையில் எங்கள் மனத்தில் தங்கிய செய்தி ஒன்று உண்டு. வெளியே காட்ட முடியாத வேதனையோடு ஒருவர் தேடிச் சென்றது, தம்மைக் குற்றம் சொல்லாமல் கேட்கக்கூடிய ஒருவரை.

சிறுநீர்ப்பைக் கோளாறுகளோடு எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு வரும் பிள்ளைகளுள் பலருக்கு அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை. காய்ச்சல் வந்த பிள்ளையை மடியில் வைத்துக் கொண்டு வருகிறோம். பாயை நனைத்த பிள்ளையையோ, கையைப் பிடித்து இழுத்துக் கொண்டு வருகிறோம். இரண்டும் உடலின் கோளாறுகளே என்பதும், இரண்டாவதில் மருத்துவருக்கு வேண்டிய செய்திகளுள் பாதி அந்தப் பிள்ளையின் வாயில்தான் இருக்கிறது என்பதுமே இந்த இதழில் நாங்கள் சொல்ல விரும்புவது.

திருவதிகையிலிருந்து தன் ஆயாவோடு வந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறோம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். “தெனமும் பாயை நனைச்சுடறா டாக்டர். அடிச்சும் பாத்தாச்சு, சூடு வெக்கறேன்னு மெரட்டியும் பாத்தாச்சு” என்றார் ஆயா. அவர் கொடுமைக்காரர் அல்லர். தினமும் பாயையும் போர்வையையும் கிணற்றடியில் அலசிக் களைத்துப் போனவர். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் வெவ்வேறு இடங்களில் எடுத்த மூன்று ஸ்கேன் அறிக்கைகள். மூன்றிலும் சிறுநீரகங்கள் நன்றாகவே இருந்தன. இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் மருந்தும் கொடுக்கப்பட்டிருந்தது.

“பள்ளிக்கூடத்தில் எத்தனை முறை ஒன்றுக்குப் போவாய், பாப்பா?” என்று கேட்டோம். சிறுமி ஆயாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “போவ மாட்டேன். கதவுக்குத் தாழ்ப்பா இல்ல” என்றாள். காலை எட்டு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால் மாலை நான்கரைக்குத் திரும்பும் வரையில் ஒரு முறையும் இல்லை. அதற்காகத் தண்ணீரும் குடிப்பதில்லை. மலம் கழித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டபோது மூன்று விரலைக் காட்டினாள். ஆயாவுக்கு இவற்றுள் எதுவும் தெரியாது. மூன்று ஸ்கேன் அறிக்கைகளுக்கும் தெரியாது.

மருத்துவம் என்ன செய்கிறது என்று சொல்வதற்கு முன், சிறுநீர்ப்பை எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். சிறுநீரகங்கள் இடைவிடாமல் வடிக்கும் நீரைச் சேர்த்து வைக்கும் தசைப்பை அது. நிரம்பும்போது தளர்ந்து விரிய வேண்டும். வெளியேற்றும்போது சுருங்க வேண்டும். அதே கணத்தில் கீழே உள்ள வாய்த்தசை திறக்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு இது அனிச்சையாக, ஏறத்தாழ மணிக்கொரு முறை நடந்துவிடுகிறது. இரண்டு மூன்று வயதில் பை நிரம்புவதைக் குழந்தை உணரத் தொடங்குகிறது. நான்கு வயதளவில் பெரும்பாலான பிள்ளைகள் பகலில் அடக்கப் பழகிவிடுகிறார்கள். இரவுக் கட்டுப்பாடு கடைசியாகத்தான் வரும். குழந்தையின் வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் அந்த வயதில் பை எத்தனை மில்லிலிட்டர் கொள்ள வேண்டும் என்பது தோராயமாகக் கிடைக்கும். ஆறு வயதென்றால் 210 மில்லி. ஒரு தேநீர்க் கோப்பையைவிடச் சற்றே அதிகம். பன்னிரண்டு வயது வரையில் இக்கணக்கு செல்லும்.

ஆகவே ஐந்து வயது நிறையும் முன்னர் இரவில் நனைப்பதை மருத்துவர்கள் நோய் என்று கொள்வதில்லை. அதன் பிறகும்கூட அது அரிதான ஒன்றன்று. ஐந்து வயதில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பிள்ளைகளும் ஏழு வயதில் 10 அளவிலும் இரவில் நனைக்கிறார்கள். நாற்பது பேர் அமர்ந்திருக்கும் இரண்டாம் வகுப்பறையில் மூன்று நான்கு பேருக்கு இந்த இரகசியம் இருக்கும்; ஒவ்வொருவரும் தாம் மட்டும்தான் என்று எண்ணிக் கொண்டிருப்பார்கள். பெற்றோரில் ஒருவருக்குச் சிறுவயதில் இது இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 44 அளவிலும், இருவருக்கும் இருந்திருந்தால் 77 அளவிலும் இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. இதை நாங்கள் சொல்லும்போது, பிள்ளையை இழுத்துக் கொண்டு வந்த தந்தையர் சிலர் திடீரென்று மௌனமாகிவிடுவதைக் கண்டிருக்கிறோம். அந்த மௌனத்தை அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிடம் கலைத்தால், எந்த மாத்திரையும் செய்யாத நன்மை விளையும்.

இவ்விடத்தில் எங்கள் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். இக்கோளாறுகளைப் பொறுத்தவரையில் இரண்டு பிழைகள் எதிரெதிரே நின்று பிள்ளைகளை அலைக்கழிக்கின்றன. ஒன்று, “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று வீட்டில் விட்டுவிடுவது. மற்றொன்று, மருத்துவமனைக்கு வந்தவுடன் ஸ்கேனையும் ஆன்டிபயாட்டிக்கையும் எழுதி அனுப்பிவிடுவது. முதற்பிழை பெற்றோருடையது, இரண்டாவது எங்களுடையது. நெரிசல் மிகுந்த புறநோயாளர் பிரிவில் ஸ்கேனுக்கு எழுத ஒரு நிமிடம் போதும். பிள்ளையிடம் பேச இருபது நிமிடம் வேண்டும். அந்த இருபது நிமிடத்தைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அந்த நேரத்தில் மருத்துவர் அறிய முயல்வது என்ன? இரவில் மட்டும் நனைக்கிறதா, பகலிலும் உண்டா, எப்போதாவது ஆறு மாதம் தொடர்ந்து நனைக்காமல் இருந்ததுண்டா, அவசரம் வந்தால் ஓட வேண்டியிருக்கிறதா, காலைக் குறுக்கிக் கொண்டோ குதிகாலின் மேல் அமர்ந்தோ அடக்குகிறதா, நீரோட்டம் வீச்சாக இருக்கிறதா, சொட்டுச் சொட்டாக வருகிறதா, குறட்டை உண்டா, மலம் எப்படி. பிறகு வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். முதுகின் அடிப்பகுதியில் முடிக்கற்றையோ குழியோ கட்டியோ உள்ளதா என்று பார்ப்பார். அவை தண்டுவடக் குறையின் அடையாளமாக இருக்கலாம். கால்களின் வலிமையையும் இரத்த அழுத்தத்தையும் சோதிப்பார். எளிய சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றைச் செய்வார். இரவில் மட்டும் நனைக்கும், மற்றபடி நலமாக உள்ள பிள்ளைக்குப் பெரும்பாலும் இத்துடன் பரிசோதனை முடிந்துவிடுகிறது. ஸ்கேன் தேவையில்லை.

ஆனால் ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். பல மாதங்களாக நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று நனைக்கத் தொடங்கி, ஓயாத தாகமும் உடல் மெலிவும் சேர்ந்திருந்தால், அன்றே இரத்தச் சர்க்கரையைப் பார்த்தாக வேண்டும். குழந்தைகளின் முதல்வகை நீரிழிவு இப்படித்தான் பல வீடுகளில் தலைகாட்டுகிறது. “பிஞ்சுப் பிள்ளைக்கு ஏது சர்க்கரை?” என்று ஒரு வாரம் காத்திருந்தால் பிள்ளை மயக்க நிலையில் வரும்.

மற்றவர்களுக்கு நாங்கள் தரும் முதல் கருவி ஒரு குறிப்பேடு. இரண்டு அல்லது மூன்று விடுமுறை நாட்களில், பிள்ளை எப்போது எவ்வளவு குடித்தது, எப்போது எவ்வளவு சிறுநீர் கழித்தது, எப்போது உள்ளாடை ஈரமானது என்று எழுத வேண்டும். அளவிட ஒரு பழைய அளவுக் குவளை போதும். பிறகு அதைச் சமையலறைக்குக் கொண்டு போகாமல் இருந்தால் சரி. அத்துடன் இரண்டு வார காலத்துக்கு, எந்த இரவு நனைந்தது, எந்த நாள் மலம் கழித்தது என்ற கணக்கு. நாளொன்றுக்கு நான்கு முதல் ஏழு முறை கழிப்பது இயல்பு. மூன்று முறைக்குக் குறைந்தால் பிள்ளை அடக்குகிறது என்று பொருள். எட்டு முறைக்கு மேல் சின்னச் சின்ன அளவில் போனால் பை அவசரப்படுகிறது. இரவில் மட்டும் வெள்ளமாக வந்தால் உடல் இரவிலும் பகலைப் போலவே நீரை வடிக்கிறது. மூன்றுக்கும் சிகிச்சை வெவ்வேறு. ஸ்கேன் படம் இந்த வேறுபாட்டைக் காட்டாது. நாற்பது பக்க நோட்டு காட்டிவிடும். எழுதுவது பிள்ளையாகவே இருந்தால் இன்னும் நல்லது. குற்றவாளியாக நின்ற பிள்ளை அப்போது கணக்கராகிவிடுகிறது.

மலச்சிக்கலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. “சிறுநீருக்காக வந்தோம், மலத்தைப் பற்றிக் கேட்கிறார்களே” என்று முகம் சுளிப்போர் பலர். சிறுநீர்ப்பையும் மலக்குடலும் ஒரே அறையில் ஒட்டிக் குடியிருப்பவை. குடலில் மலம் இறுகித் தேங்கினால் அது பையை அழுத்துகிறது. பை முழுமையாக விரியவும் முடிவதில்லை, முழுமையாகக் காலியாகவும் முடிவதில்லை. மிச்சம் தங்கிய நீரில் கிருமிகள் பெருகுகின்றன. அமெரிக்காவின் அயோவாவில் மருத்துவர் வேரா லோனிங்-பாவ்கே மலச்சிக்கல் உடைய 234 பிள்ளைகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட முடிவு இன்றும் எங்களுக்குப் பாடமாக இருக்கிறது. மலச்சிக்கல் நீங்கிய பிள்ளைகளுள், பகலில் நனைத்துக் கொண்டிருந்தவர்களில் நூற்றுக்கு 89 பேருக்கும், இரவில் நனைத்தவர்களில் 63 பேருக்கும் அது நின்றுவிட்டது. பிறவிக் குறை இல்லாதவர்களுக்கு மீண்டும் மீண்டும் வந்த சிறுநீர்த் தொற்றும் நின்றது. ஆனால் அதே ஆய்வில், ஓராண்டு கழித்துப் பார்த்தபோது ஏறத்தாழ பாதிப் பேருக்கே மலச்சிக்கல் நீங்கியிருந்தது. ஒரு வாரம் மருந்து கொடுத்து நிறுத்தினால் பயனில்லை என்பதே அதன் பொருள். மலத்தை இளக்கும் மருந்தைப் பல மாதங்கள் தொடர வேண்டும். பெற்றோர் அஞ்சுவதுபோல், மருத்துவர் மேற்பார்வையில் தரப்படும் இம்மருந்துகளுக்குக் குடல் அடிமையாகிவிடுவதில்லை. கீரை, காய், பழம், தண்ணீர் ஆகியவை கூடவே வேண்டும். பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழத்துக்குப் பஞ்சமில்லை. பிஸ்கட் பாக்கெட்டுக்கும் பஞ்சமில்லாமல் போனதுதான் தொல்லை.

அடுத்தது பள்ளிக்கூடம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. எல்லாப் பள்ளிகளிலும் கழிப்பறை வசதி செய்து தர வேண்டும் என்று 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஆணையிட்டது. கட்டடங்கள் எழுந்திருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் கட்டடம் இருப்பது வேறு; அதில் தண்ணீரும் தாழ்ப்பாளும் இருப்பது வேறு; பாடம் நடக்கும்போது கை தூக்கினால் ஆசிரியர் அனுப்புவது வேறு. “இப்பத்தானே இடைவேளை முடிந்தது, உட்கார்” என்ற ஒரு சொல் போதும், கூச்சமுள்ள பிள்ளை ஆண்டு முழுவதும் கேட்காமல் இருந்துவிடும். அடக்கி அடக்கிப் பழகிய பைக்கு வாய்த்தசையைத் தளர்த்தவே மறந்துபோகிறது. வீட்டுக்கு வந்தும் பாதிதான் கழிகிறது. 2019இல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கும் வழக்கம் தொடங்கியது; தமிழ்நாட்டிலும் 2025இல் அம்முறை வந்திருக்கிறது. கத்திரி வெயில் கொளுத்தும் நெய்வேலி, பண்ருட்டிப் பகுதிகளுக்கு இது மிகவும் வேண்டியதே. ஆயினும் குடிக்க மணி அடித்தால் போக்கவும் வழி வேண்டும் அல்லவா? தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு முன்னால் அந்த மணியின் ஓசைக்குப் பயன் குறைவு.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் சங்கடங்கள். இனிச் சொல்வது ஆபத்து. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சளியோ இருமலோ வேறு காரணமோ இல்லாமல் கடுங்காய்ச்சல் அடித்தால், அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். அவ்வயதில் எரிச்சல் என்று சொல்லத் தெரியாது. வாந்தியும் பால் குடிக்காமையும் அழுகையும்தான் அடையாளம். தொற்று சிறுநீரகம் வரை ஏறினால் அங்கே தழும்பு விழலாம். தழும்பு பெரிதானால் பின்னாளில் இரத்த அழுத்தமும் சிறுநீரகச் செயலிழப்பும் வரலாம். ஆகவே இங்கே “பார்க்கலாம்” என்ற பேச்சுக்கே இடமில்லை.

இங்கே எங்கள் துறையின் குறை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தொற்றை உறுதிசெய்ய வேண்டியது சிறுநீர்க் கல்ச்சர் பரிசோதனை. அதற்கான நீரை எடுக்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. குழந்தையின் தோலில் பிளாஸ்டிக் பையை ஒட்டிச் சேர்த்த நீரில் தோலின் கிருமிகளும் கலந்துவிடும். அதில் கிருமி இல்லையென்றால் நம்பலாம், இருக்கிறதென்றால் நம்ப முடியாது. அப்படிக் கிடைத்த பொய்யான முடிவுகளால் தேவையில்லாத மருந்தையும் தேவையில்லாத படங்களையும் பெற்ற பிள்ளைகள் பலர். சுத்தம் செய்தபின் இடையோட்ட நீரைப் பிடிக்க வேண்டும். கைக்குழந்தையாயின் மெல்லிய குழாய் வழியே எடுக்க வேண்டியிருக்கும். அதைக் கண்டு தாய்மார் பதறுவது இயல்பே. ஒரு நிமிட வேதனை அது; பிழையான முடிவு தரும் அலைச்சலோ மாதக்கணக்கில் நீளும். நீரை எடுத்த பிறகே ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும். முதல் வேளை மருந்து உள்ளே போய்விட்டால் கல்ச்சர் உண்மையை மறைத்துவிடும். மீதமிருந்த பழைய மருந்தை வீட்டிலேயே கொடுத்துவிட்டு வருவதை நாங்கள் கண்டிப்பது இதனால்தான்.

தொற்று உறுதியானபின் எந்தப் படம் எடுப்பது என்பதில் மருத்துவ உலகம் தன் மனத்தை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. இந்தியக் குழந்தைகள் சிறுநீரகவியல் சங்கம் 2011இல் வெளியிட்ட நெறிமுறையில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதல் தொற்றின் பின் மூன்று வகைப் படங்களும் பரிந்துரைக்கப்பட்டன. 2023இன் திருத்தத்தில் ஸ்கேன் எல்லோருக்கும் உண்டு. ஆனால் குழாய் வழியே பையில் மருந்தை நிரப்பி, குழந்தை சிறுநீர் கழிக்கும்போது எக்ஸ்ரே எடுக்கும் சோதனை தேர்ந்தெடுத்த சிலருக்கே. தொற்று திரும்பத் திரும்ப வருவோருக்கும், ஸ்கேனில் குறை தெரிந்தோருக்கும், வழக்கமல்லாத கிருமி கண்ட சிறு குழந்தைகளுக்குமே. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எடுத்தார்களே, எங்கள் பிள்ளைக்கு ஏன் எடுக்கவில்லை என்று கேட்போருக்கு இதுவே விடை. அச்சோதனை தேவைப்பட்டால், என்ன நடக்கப் போகிறது என்பதை முதல் நாளே பிள்ளையிடம் அதன் மொழியில் சொல்லிவிடுங்கள். “ஒன்றும் செய்ய மாட்டார்கள்” என்று பொய் சொல்லி அழைத்து வரவேண்டாம். அந்தப் பொய்க்குப் பின் அப்பிள்ளை எங்களை மட்டுமல்ல, உங்களையும் நம்பாது.

அந்தப் படத்தில் மருத்துவர் தேடுவது பின்னோட்டத்தை. பையிலிருந்து நீர் மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்குத் திரும்புவது அது. ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிப்பார்கள். குறைந்த தரங்களில் பெரும்பாலானவை வளர வளரத் தாமே மறைந்துவிடும். தினமும் சிறு அளவில் ஆன்டிபயாட்டிக் கொடுத்துத் தொற்றைத் தடுக்கலாமா என்பதை அறிய அமெரிக்காவில் பின்னோட்டம் உள்ள 607 குழந்தைகளை இரண்டு ஆண்டுகள் கண்காணித்து 2014இல் முடிவு வெளியிட்டார்கள். தொற்றுகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. புதிய தழும்புகளோ குறையவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பெருகின. எனவே இம்மருந்து சிலருக்குத் தேவை, பலருக்குத் தேவையில்லை. உங்கள் பிள்ளைக்கு எது என்று மருத்துவரிடம் காரணம் கேளுங்கள். கேட்பதை நாங்கள் அவமதிப்பாகக் கொள்வதில்லை.

அறுவை சிகிச்சை வேண்டிய பிறவிக் குறைகள் சில உண்டு. ஆண் குழந்தையின் நீர்வழியில் ஒரு மெல்லிய சவ்வு தடுப்பாக அமைந்து, நீர் பீறிட்டு வராமல் சொட்டுவது அவற்றுள் முக்கியமானது. கர்ப்பகால ஸ்கேனில் சிறுநீரகம் வீங்கியிருப்பதாக எழுதப்பட்டிருந்தால் அந்த அறிக்கையைத் தொலைக்காமல் குழந்தைகள் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சவ்வை நுண்கருவியால் நீக்கிவிடலாம். ஆயினும் அப்பிள்ளையின் பையையும் சிறுநீரகங்களையும் பல ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும். பெண் பிள்ளை ஒழுங்காகச் சிறுநீர் கழித்தும், இரவும் பகலும் ஒருபோதும் உள்ளாடை உலராமல் இருந்தால், சிறுநீரகக் குழாய் பைக்குள் சேராமல் வேறிடத்தில் திறக்கிறதோ என்று ஐயப்பட வேண்டும். “எப்போதுமே ஈரம்தான்” என்ற தாயின் ஒரு வாக்கியம் அந்த ஐயத்தைத் தோற்றுவிக்கும். இத்தகைய குழந்தைகளைப் புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ அனுப்புகிறோம். அலைச்சல்தான், தவிர்க்க முடியாத அலைச்சல்.

தண்டுவடக் குறையோடு பிறந்த பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியே ஒரு சொல். பைக்குச் செல்லும் நரம்புகள் வேலை செய்யாதபோது, மூன்று நான்கு மணிக்கொரு முறை மெல்லிய குழாயைச் செலுத்தி நீரை வடித்துவிடும் முறையை அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் 1972இல் அறிவித்தார். கிருமி நீக்கிய அறையோ கையுறையோ வேண்டியதில்லை, சுத்தமான கை போதும் என்று அவர் சொன்னபோது பலரும் நம்பவில்லை. ஆனால் அந்த எளிய வழி எத்தனையோ சிறுநீரகங்களைக் காப்பாற்றியிருக்கிறது. தாய்மார் சில நாட்களில் கற்றுக்கொள்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைகள் தாமே செய்துகொள்கிறார்கள். குழாய் என்ற சொல்லைக் கேட்டவுடன் மறுத்துவிட்டுப் போனவர்கள், சிறுநீரகம் வீங்கிய பின் திரும்பி வந்ததையும் கண்டிருக்கிறோம்.

இரவில் மட்டும் நனைக்கும் பிள்ளைக்குத் திரும்புவோம். ஈரம் பட்டவுடன் ஒலிக்கும் எச்சரிக்கை மணியை மௌரர் தம்பதியர் 1938இல் விவரித்தனர்; இன்றும் அதற்கு நிகரான சிகிச்சை குறைவு. இரண்டு மூன்று மாதங்கள் ஒவ்வோர் இரவும் பெற்றோர் எழுந்து பிள்ளையை எழுப்ப வேண்டும். பயன்படுத்துவோரில் ஏறத்தாழ மூன்றில் இருவர் தேறுகிறார்கள். ஒற்றை அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் இதை எழுதித் தர எங்களுக்கே தயக்கம்தான். அவ்வீடுகளில் டெஸ்மோபிரெசின் மாத்திரை உதவலாம். இரவில் வடியும் நீரைக் குறைப்பது அது. ஆனால் மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து மறுநாள் காலை வரை அதிகம் தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரலாம். அவசரப்படும் பைக்கு ஆக்சிபியூட்டினின் தருவதுண்டு. அது வியர்வையைக் குறைக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் அதை உட்கொள்ளும் பிள்ளையை மைதானத்தில் ஓடவிடுவது ஆபத்து. மலச்சிக்கலையும் அதிகமாக்கும். இப்பக்க விளைவுகளை மருந்துச் சீட்டில் யாரும் எழுதுவதில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தச் சிறுமிக்கு நாங்கள் இவற்றுள் எந்த மாத்திரையையும் கொடுக்கவில்லை. மலத்தை இளக்கும் மருந்து, காலையிலிருந்தே பரவலாகத் தண்ணீர், இரண்டு மூன்று மணிக்கொரு முறை கட்டாயமாகக் கழிப்பறை, குந்தி அமர்ந்து அவசரமின்றிக் கழித்தல், இரவு படுக்குமுன் ஒரு முறை, ஒரு குறிப்பேடு. ஆயாவிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டோம்: நனைந்த காலையில் ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம். நான்கு மாதங்களில் பகல் ஈரம் நின்றது. இரவில் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை இன்னும் உண்டு. குறிப்பேட்டில் அந்த நாட்களில் அவள் சிவப்புப் பேனாவால் ஒரு குடத்தை வரைந்து வைத்திருக்கிறாள்.

பள்ளிக்கு ஒரு கடிதமும் கொடுத்தோம். இப்பிள்ளை கேட்கும்போது மறுக்காமல் கழிப்பறைக்கு அனுப்புமாறும், தாழ்ப்பாள் உள்ள அறையைப் பயன்படுத்த விடுமாறும் அதில் எழுதியிருந்தோம். நோயின் பெயரை எழுதவில்லை; வகுப்பில் படித்துக் காட்டிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம். தலைமையாசிரியர் அந்த வாரமே தச்சரை அழைத்துத் தாழ்ப்பாள் போட்டார் என்று அடுத்த முறை வந்தபோது ஆயா சொன்னார். உங்கள் பிள்ளைக்கும் அப்படியொரு கடிதம் வேண்டுமானால் குழந்தைகள் நலப் பிரிவில் கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.